என் வயிற்றுக்கு வில்லங்கம் பார்த்த நாட்கள்

இருபத்திரண்டு வருடம் ஊரார் நிலங்களுக்கு வில்லங்கம் பார்த்தவன் நான். நாமக்கல் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே சாய்வு மேசை போட்டுப் பத்திரம் எழுதுகிற தொழில். ஒருவர் உழுகிற காடு வாங்க வந்தால், விற்பவர் மடியிலிருந்து எடுத்துக் காட்டும் பத்திரத்தை மட்டும் நம்பக் கூடாது. அந்தக் காட்டின் மேல் முன்பு யார் யார் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள், அடமானமா, பாகமா, கிரயமா என்று அலுவலகப் பதிவேடுகளை வருடம் வருடமாகப் புரட்டித் தேட வேண்டும். அதில் நான் கெட்டி என்று பெயர். சொந்த வயிற்றில் ஒரு புண் ஐந்து வருடமாகக் குடியிருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. அது வாடகை கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

மலம் கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாம். நான் அந்தப் பழியை முந்தின நாள் தின்ற கத்தரிக்காயின் மேல் போட்டிருந்தேன். நான்காம் நாள் காலை, ஒரு கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்தபோது, மேற்கு எல்லைக்கு வந்ததும் கண் இருட்டியது. மைக்கூட்டின் மேலேயே விழுந்தேன். பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர்கள் நல்லவர்கள். என்னை ஒரு வாடகைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, அடுத்த மேசைக்குப் போய் மேற்கு எல்லையிலிருந்து மீதியை எழுதிக்கொண்டார்கள். முகூர்த்த நாள். விட்டுவிட முடியுமா?

சேலத்தில், அஸ்தம்பட்டியைத் தாண்டி ஒரு மருத்துவமனையில் பதினோராம் எண் கட்டில் எனக்குக் கிடைத்தது. முன்பின் தெரியாத மூன்று பேருடைய ரத்தத்தை என்னுள் ஏற்றினார்கள். பிறகு சுண்ணாம்பைக் கரைத்தது போன்ற ஒரு வெள்ளைக் குழம்பை ஒரு சொம்பு நிறையக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரேக்குக் குடல் தெரியாது, அந்தக் குழம்பு போகிற பாதைதான் தெரியும். இரைப்பை முடிந்து குடல் தொடங்குகிற முதல் வளைவில் குழம்பு ஒரு சின்னப் பள்ளத்தில் தேங்கி நின்றது. அந்தப் பள்ளம்தான் என் குடித்தனக்காரர்.

பெரிய டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதிகம் பேசாதவர்.

"ஒரு தடவை ரத்தம் வந்துடுச்சு. மறுபடி வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். உடம்பு தேறட்டும். மூணு வாரம் கழிச்சு அறுத்துடலாம்."

இரைப்பைக்கு அமிலம் சுரக்கச் சொல்லிக் கட்டளை கொண்டுபோகிற நரம்பு ஒன்று இருக்கிறது. அதை வெட்டிவிட்டு, இரைப்பைக்கும் குடலுக்கும் புதிதாக ஒரு வாசல் வைத்துத் தைப்பதுதான் அந்த அறுவை. அதே சமயத்தில், அமிலத்தைச் சுரக்கவே விடாத ஒரு மாத்திரை புதிதாக வந்திருக்கிறது என்று வார்டில் பேச்சு அடிபட்டது. கத்தி இல்லை, தையல் இல்லை. அன்று மாலைக்குள் நான் மாத்திரைக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். கட்சிக்கு அப்போது நான் ஒருவன்தான் உறுப்பினர், தலைவரும் நானே.

மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் நாலு முதல் ஆறு வரை. அதை உடம்பு சரியில்லாதவர்களுக்கான சலுகை என்று நினைப்பவர்கள் ஒருமுறை யாரும் வராத கட்டிலில் படுத்துப் பார்க்க வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் எல்லோரையும் நன்றாகச் சிரிக்க வைத்துவிட்டு வந்தேன். சிரித்தார்கள், பெண் தரவில்லை. இருந்த ஒரே உறவு பள்ளிபாளையத்தில் தறி போட்டிருக்கிற என் தம்பி சின்னு. தறியை விட்டு ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். மற்ற ஆறு நாளும் நாலு மணி ஆனதும் நான் பக்கத்துக் கட்டில்காரருடைய விருந்தாளிகளுக்கு வேடிக்கை சொல்லத் தொடங்கிவிடுவேன். பன்னிரண்டாம் கட்டிலில் குடலிறக்கத்துக்கு அறுத்துக்கொண்ட பழனிசாமி, ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு டிரைவர். அவரைப் பார்க்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவார்கள்.

"ஏனுங்க ரைட்டரே, உங்க சனமெல்லாம் எப்பங்க வருது?" என்று பழனிசாமியின் மாமியார் ஒருநாள் கேட்டார்.

"வந்தா எடம் பத்தாதுங்க ஆத்தா. அதான் பகுதி பகுதியா வரச் சொல்லியிருக்கறேன். முதப் பகுதி இன்னும் பொறப்படலை."

அவர் சிரித்தார். போகும்போது இரண்டு ஆரஞ்சுப் பழத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். புண்காரனுக்குப் புளிப்பு ஆகாது. ஆனாலும் அந்தப் பழங்கள் வாடும்வரை அங்கேயே இருந்தன. யாரோ வந்து போனதற்கு அத்தாட்சி வேண்டாமா?

டாக்டர் சுகந்தி என் கட்டிலுக்கு வந்தது என் கையெழுத்தைத் தேடிக்கொண்டு. பழனிசாமிக்காக நான் எழுதிக் கொடுத்த விடுப்பு விண்ணப்பத்தைப் பார்த்திருக்கிறார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். கையில் ஒரு செருப்புப் பெட்டி, உள்ளே அட்டைகள்.

"இந்தப் பத்திர எழுத்து உங்களுதா?"

"ஆமாங்க. கையெழுத்து மட்டுந்தான் நல்லாருக்குது. தலையெழுத்தை வேற ஆளு எழுதிட்டாருங்க."

அவர் சிரிக்கவில்லை. கட்டிலில் அட்டைகளைப் பரப்பினார். விஷயம் இதுதான். புண்ணிலிருந்து ஒருமுறை ரத்தம் வந்தவர்களுக்கு மாத்திரை போதுமா, அறுவை வேண்டுமா? பெரிய டாக்டர் அறுவை என்கிறார், மாத்திரைக் கம்பெனிக்காரர் மாத்திரை என்கிறார். இருவருமே தங்களுக்குச் சாதகமான கட்டுரைகளை மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள். சுகந்தி, இதைப் பற்றி எங்கெங்கே யார் யார் ஆராய்ந்து எழுதியிருந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தேடி எடுத்துத் தராசில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கிளம்பியிருந்தார். விடுமுறையில் சென்னைக்குப் போய், நூலகத்தில் வருட வாரியான அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறார். ஆராய்ந்துவிட்டு எழுதாமல் விட்ட டாக்டர்களுக்கும் கடிதம் போட்டிருக்கிறார்.

"எழுதாம விட்டவங்களுக்கு எதுக்குங்க கடுதாசி?"

"மருந்து வேலை செஞ்சா எழுதுவாங்க. வேலை செய்யலைன்னா பல பேர் எழுதறதில்லை. எழுதினதை மட்டும் படிச்சா எல்லா மருந்துமே நல்ல மருந்துதான்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "டாக்டரம்மா, இது நம்ம வேலைங்க. விக்கிறவரு காட்டற பத்திரத்தை மட்டும் பாத்தா எல்லாக் காடும் சுத்தமான காடுதானுங்க."

அன்றிலிருந்து அந்தப் பெட்டி என் கட்டிலுக்கு வந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அட்டை. எத்தனை நோயாளிகள், என்ன வயது, எத்தனை நாள் கவனித்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று. அவர் பென்சிலில் கிறுக்கியதை நான் மையில் இன்னோர் அட்டையில் நகல் எடுக்க வேண்டும். அந்த நகல் சென்னையில் இருக்கும் அவருடைய கல்லூரித் தோழிக்குப் போகும். எந்தக் கட்டுரையை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று தோழி தனியே தீர்மானிப்பார். சுகந்தி என்ன நினைக்கிறார் என்பது அந்த அட்டையில் இருக்கக் கூடாது. இருவரும் தனித்தனியே முடித்த பிறகுதான் ஒத்துப் பார்ப்பார்கள், வேறுபட்டால் சண்டை போடுவார்கள். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்ற விதிகளையும் முதல் கட்டுரையைப் படிப்பதற்கு முன்பே எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்தார்.

"படிச்ச அப்புறம் விதி எழுதினா, நமக்குப் பிடிச்ச பக்கமா வளையும்," என்றார்.

முக்கியமான விதி, நோயாளிகளை எப்படி இரண்டாகப் பிரித்தார்கள் என்பது. தெம்பாக இருப்பவர்களை அறுவைக்கும் நோஞ்சான்களை மாத்திரைக்கும் அனுப்பியிருந்தால் அறுவைதான் ஜெயிக்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டது போலப் பிரித்திருந்தால்தான் அந்தக் கட்டுரைக்கு மதிப்பு. என் ஆங்கிலம் பத்திர ஆங்கிலம், அதில் இவ்வளவும் புரிந்ததே எனக்குப் பெருமை.

ஐந்தாம் நாள் ஒன்று கண்ணில் பட்டது. அறுவைக்குச் சாதகமான அட்டைகளில் மூன்று, வெவ்வேறு பத்திரிகைகளில், வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு ஆசிரியர் பெயரை முதலில் போட்டு வந்தவை. பெயரைப் பார்த்தால் மூன்று. ஆனால் பத்திர எழுத்தன் பெயரைப் பார்த்து நிலத்தை அடையாளம் காண மாட்டான். ஒரே ஆள் ஒரு பத்திரத்தில் அப்பன் பெயரோடும், இன்னொன்றில் பட்டப்பெயரோடும் வருவார். நான்கெல்லையைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன். ஒரே மருத்துவமனை, ஒரே வருடங்களில் சேர்ந்த நோயாளிகள், அதே எண்ணிக்கை. மூன்றிலும் ஒருவர் நோயால் சாகாமல் சாலை விபத்தில் செத்திருக்கிறார். ஒரு மனிதர் மூன்று முறை லாரியில் அடிபட முடியாது.

சுகந்தி அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஒரே ஆளுங்களை மூணு தடவை எண்ணியிருக்கேன். ரைட்டர், நான் இதைத் தாண்டிப் போயிருப்பேன்."

அறுவைக் கட்சிக்கு இரண்டு ஓட்டுக் குறைந்தது. அன்று நான் குடித்த பால்கூட இனித்தது. புண்காரர்களுக்கு இரண்டு மணிக்கு ஒருதரம் பால். கன்றுக்குட்டிகூட அவ்வளவு குடித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் பழனிசாமி வீட்டுக்குப் போனார். "வாரேனுங்க ரைட்டரே. ஊட்டுப் பக்கம் வாங்க," என்றார். வேன் நிறைய அவரோடு போய்விட்டது. பன்னிரண்டாம் கட்டிலின் மெத்தையை வெயிலில் போட்டார்கள். நாலு மணி வந்தது. வேடிக்கை சொல்ல ஆள் இல்லை. ஒரு மனிதன் தனக்குத்தானே வேடிக்கை சொல்லிக்கொண்டால் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் அட்டையை எடுத்தேன்.

அன்று வந்த கட்டுரை மாத்திரையைப் பற்றியது. மாத்திரை தின்றவரை நன்றாக இருந்திருக்கிறார்கள். நிறுத்தியதும் பலருக்குப் புண் திரும்பியிருக்கிறது. ஒருவருக்கு மறுபடி ரத்தம் வந்து, மருத்துவமனைக்கு வருவதற்குள் இறந்திருக்கிறார். அவரைப் பற்றி இரண்டே வரி. ஆண். என் வயதுதான். தனியாக வசித்தவர்.

அந்தக் கடைசிச் சொல் கட்டுரையில் எதற்கு இருந்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது. தனியாக வசித்தவர், ஆகவே யாரும் சீக்கிரம் பார்க்கவில்லை. நான் அந்த இரண்டு வரியைப் பலமுறை படித்தேன். பிறகு அட்டையை மடித்து என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டேன். கட்டுரையைத் தலையணை உறைக்குள் தள்ளினேன்.

திருடினேன் என்று அப்போது தோன்றவில்லை. தள்ளி வைக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அறுக்கிற மேசையில் செத்துப் போனால் சம்மதக் கையெழுத்துப் போட்ட தம்பிக்குப் பழி, மாத்திரை தின்று செத்துப் போனால் யாருக்கும் பழி இல்லை என்று ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். பயந்தவனுக்கு நியாயம் சீக்கிரம் கிடைக்கும். அந்த ஓர் அட்டை இல்லாவிட்டால் தராசு மாத்திரைப் பக்கம் சாய்ந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சுகந்தி அந்த முடிவைக் காட்டினால் பெரிய டாக்டர் அறுவையைத் தள்ளிப்போடுவார். நான் மாத்திரைப் புட்டியோடு வீட்டுக்குப் போவேன்.

மூன்று நாள் என்னிடம் அட்டை குறைவதாக சுகந்தி சொல்லவில்லை. நான்காம் நாள் ஞாயிறு. சின்னு வந்தான். பேசாதவன். எங்கள் அம்மா பெற்ற பேச்சு முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. மனைவி கொடுத்தனுப்பிய கஞ்சிப் பாத்திரத்தை வைத்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். வருகிற ஒவ்வொரு வாரமும் செய்வது போல, என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தான். தறிச் சத்தத்தில் வாழ்ந்து அவனுக்குக் காது மந்தம், அதனால் கையால்தான் பேசுவான்.

"சின்னு, அறுவைக்குச் சம்மதக் கையெழுத்து நீ போடோணும். இல்லீன்னா மாத்திரைன்னு எழுதிக் குடுக்கோணும். நீ என்ன சொல்றே?"

"நானென்னுங்ணா சொல்றது."

"படிச்சுப் பாத்துச் சொல்லு."

அவன் கண்ணாடியைத் திரும்ப என் மூக்கில் மாட்டினான். "நீங்க எழுதுனதை யாருங்ணா படிச்சுப் பாக்கறாங்க? எங்க கையெழுத்துன்னு கேட்டுப் போடறாங்க. நம்ம அண்ணன் வில்லங்கம் பாத்தாச்சுன்னா பாத்ததுதான்னு ஊரே போடுது. நானும் போடறேனுங்."

பிறகு கண்ணாடிக் கூட்டை எடுத்தான், அதையும் துடைக்க. நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். ஐந்தரைக்குப் பேருந்து பிடிக்கப் போனான்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் செய்யாத அயோக்கியத்தனம் குறைவு. முகூர்த்தத்துக்காக நேரத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். கிழவிகளுக்கு வயதைக் குறைத்திருக்கிறேன். ஆனால் பதிவேட்டில் பார்த்த ஒரு வில்லங்கத்தைப் பார்க்கவில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் முதல்முறை சொல்லியிருக்கிறேன், வாங்குகிறவனும் நானேதான்.

மறுநாள் காலை சுகந்தி வந்ததும், தலையணை உறையிலிருந்த கட்டுரையோடு அட்டையை நீட்டினேன். மடிப்பை நீவிவிட்டு நீட்டினேன், அது ஏதோ மரியாதை என்று.

அவர் வாங்கிப் பார்த்தார். "கண்ணாடிக் கூட்டுல இருந்துச்சா? மடிப்பு அளவு சரியா இருக்கே."

"தெரியுமுங்களா?"

"ஒண்ணு குறையுதுன்னு தெரியும். என் தோழியும் அவ பக்கம் தனியாத் தேடறா. அவ பட்டியல்ல இந்தக் கட்டுரை இருந்துச்சு, நம்ம பட்டியல்ல இல்லை. ரெண்டு பேர் பாக்கறது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"கேட்டிருக்கலாமுங்களே."

"எடுத்தது நீங்களா எலியான்னு தெரியலை. எலிகிட்டக் கேட்டா பதில் வராது. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணும் சொல்றேன், ரைட்டர். அறுவைப் பக்கம் ஒரே ஆளுங்க மூணு தடவை வந்ததைக் கண்டுபிடிச்சீங்க. மாத்திரைப் பக்கம் அந்த மாதிரி தேடிப் பாத்தீங்களா?"

தேடவில்லை. தேடத் தோன்றவே இல்லை. அன்று பகல் முழுவதும் தேடினேன். மாத்திரைப் பக்கமும் ஒரு ஜோடி இருந்தது. ஒரே நோயாளிகள், இரண்டு தலைப்பு. நான்கெல்லை சரியாகப் பொருந்தியது. என் கண் பழுதில்லை, அது பார்த்த பக்கம்தான் பழுது.

அந்த வாரக் கடைசியில் தோழியின் தீர்ப்புகள் தபாலில் வந்தன. இருவரும் ஒத்துப் பார்த்தார்கள், ஒத்துவராதவற்றைப் பற்றித் தொலைபேசியில் கத்திப் பேசிக்கொண்டார்கள். முடிவைச் சொல்ல சுகந்தி என் கட்டிலுக்கு வந்தார்.

"பெரிய டாக்டர் சொல்ற அளவுக்கு அறுவை பெரிசில்லை. கம்பெனிக்காரர் சொல்ற அளவுக்கு மாத்திரையும் பெரிசில்லை. மாத்திரை திங்கற வரைக்கும் காக்குது. விட்டா பல பேருக்குத் திரும்புது. ஒரு தடவை ரத்தம் வந்தவங்களுக்கு அது ஆபத்து. அறுவையில பிழைச்சு வந்தவங்களுக்குத் திரும்பறது குறைவு, ஆனா சில பேருக்குச் சாப்பாட்டுத் தொல்லை இருக்கு. நல்லாச் செஞ்ச ஆராய்ச்சி கொஞ்சம்தான். அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"இவ்வளவு தேடியும் எனக்கு என்ன ஆகும்னு அதுல இல்லீங்களா?"

"உங்களை மாதிரி ஆளுங்களுக்கு என்ன ஆச்சுன்னுதான் அதுல இருக்கு. உங்களைப் பத்தி நீங்கதான் சொல்லணும். தினமும் தவறாம மாத்திரை போடுவீங்களா? ஒருநாள் மயங்கி விழுந்தா யார் பாப்பாங்க?"

முதல் கேள்விக்கு ஏதாவது வேடிக்கை சொல்லியிருப்பேன். இரண்டாவது கேள்வி வேறு. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். பன்னிரண்டாம் கட்டிலுக்கு இன்னும் யாரும் வரவில்லை.

"சின்னுவை வரச் சொல்லுங்க. அறுவைக்குக் கையெழுத்துப் போடட்டும்," என்றேன். அவன் வந்தபோது, எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் காதருகே உரக்கப் படித்துக் காட்டினேன். அந்த அட்டையில் இருந்த இரண்டு வரியையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டுத்தான் போட்டான்.

அறுவை நடந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை, நான் அங்கே இல்லை. கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் தையல், தொண்டையில் ஆற்று மணல். சிரித்தால் தையல் இழுக்கும் என்று நர்ஸ் எச்சரித்தார். என் வாழ்நாளில் வேறு எந்தத் தண்டனையும் அவ்வளவு பொருத்தமாக எனக்கு விதிக்கப்பட்டதில்லை. பத்து நாள் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மனிதர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. சின்னு தறியை நிறுத்திவிட்டு இரண்டு நாள் கூடவே இருந்தான். என் கண்ணாடி இல்லாத முகத்தைப் பார்த்து, துடைக்க ஒன்றும் இல்லாமல் தன் கையைத் துடைத்துக்கொண்டான்.

இப்போது நான் திரும்ப மேசைக்கு வந்துவிட்டேன். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட்டால் நெஞ்சு படபடத்து வேர்க்கிறது, அதனால் ஆறு வேளை கோழி மாதிரி கொறிக்கிறேன். இதை எழுதுவது, புண் என்று சொல்லி யாரோ கத்தியையோ மாத்திரையையோ காட்டினால், காட்டுகிற பத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்று சொல்லத்தான். எழுதாமல் விட்டதையும் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த பக்கத்தை இரண்டு முறை தேடுங்கள்.

சுகந்தி தன்னுடைய நோயாளிகள் எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பதில் அட்டை சேர்ந்த ஒரு தபால் அட்டை அனுப்புகிறார். வலி உண்டா, சாப்பிட முடிகிறதா, வேலைக்குப் போகிறீர்களா, வேறு ஏதாவது உண்டா? பாதிப் பேர் பதில் போடுவதில்லை என்று சொன்னார். பதில் வராதவர்களை நலம் என்று எழுதக் கூடாதாம், இறந்தார் என்றும் எழுதக் கூடாதாம். அவர்களுக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. நான் முதல் மூன்று தடவையும் அட்டை வந்த அன்றே பதில் போட்டேன், 'வேறு ஏதாவது' என்ற இடத்தில் ஒரு வேடிக்கையும் எழுதினேன்.

நான்காவது அட்டை வந்தபோது எனக்குக் காய்ச்சல். ஒரு வாரம் வீட்டில் படுத்திருந்தேன். பதிவு அலுவலகத்தில் என் மேசை காலியாக இருந்ததை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, முகூர்த்த மாதமும் இல்லை. அட்டை ஜன்னலோரம் கிடந்தது. எழுந்து உட்கார்ந்த அன்று இன்னோர் அட்டை வந்தது. அச்சடித்த கேள்விகள் அதில் இல்லை, பென்சில் எழுத்து.

'பதினொண்ணாம் கட்டில், பதில் வரலை. உங்களை எந்தக் கட்டத்துல எழுதட்டும்?'

மைக்கூட்டைத் தேடி எடுத்தேன். பிறகு வலி இல்லை, சாப்பிட முடிகிறது, நாளை முதல் வேலைக்குப் போகிறேன் என்று எழுதினேன். 'வேறு ஏதாவது' என்ற கேள்வி இந்த அட்டையில் இல்லை. கீழே கோடு போட்டு அதை நானே எழுதிக்கொண்டு, அதற்குப் பதிலும் எழுதினேன்: 'கேட்டதற்கு நன்றி.' தபால்காரரிடம் கொடுத்தனுப்பலாம்தான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நானே தபால் பெட்டிவரை நடந்துபோய்ப் போட்டேன். அட்டை உள்ளே விழுந்த சத்தம் கேட்கிறவரை நின்றேன்.